கண்ணுக்கு முன்னால் கை

மூங்கில் வில்லோ மர வில்லோ, கையில் எடுத்த எவரும் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எப்படிக் குறி பார்ப்பது? நியாயமான கேள்வி. துப்பாக்கியில் குறி பார்க்க முன்னும் பின்னும் முள் இருக்கிறது. ஒலிம்பிக் போட்டியில் பயன்படும் ரிகர்வ் வில்லில் சைட் என்று ஒரு கருவி நீட்டிக்கொண்டு நிற்கிறது. மரபு வில்லில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு தண்டு, ஒரு நாண், ஒரு அம்பு, எதிரே ஒரு இலக்கு, அவ்வளவுதான். ஆகவே புதிதாக வருபவர் யூடியூபில் தேடுகிறார். அங்கே கட்சி கட்டி நிற்கிறார்கள். இலக்கை மட்டும் பார், மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்பது ஒரு கட்சி. அதற்கு இன்ஸ்டிங்டிவ் என்று பெயர். அம்பு முனைக்கும் இலக்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று மனத்தால் அளந்து விடு என்பது கேப் முறை. தூரத்துக்குத் தக்கபடி நாணில் விரல் பிடிக்கும் இடத்தைக் கீழே இறக்கி, அம்பு முனையையே நேராக இலக்கில் வை என்பது ஸ்ட்ரிங் வாக்கிங். எது உயர்ந்தது என்று இவர்கள் போடும் சண்டைக்கு முடிவே இல்லை. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கத்தில் வார விடுமுறையில் வில் பழக நினைப்பவர்களும் இந்தச் சண்டைக்குள்தான் போய் விழுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. குறி பார்க்கும் முறை எதுவாக இருந்தாலும், இழுத்த கை முகத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்காதவரை அது எதற்கும் உதவாது. கேள்வியில் தவறில்லை, அது வந்து சேர்ந்த நேரம்தான் தவறு. கை படிந்த பிறகு கேட்க வேண்டியதை, கை படிவதற்கு முன்பே கேட்கிறோம்.

ஏன் என்பதை முதலில் வடிவியலாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நேர்கோட்டைத் தீர்மானிக்க இரண்டு புள்ளிகள் வேண்டும். அம்பு பறக்கத் தொடங்கும் திசையும் அப்படித்தான். முன்புள்ளி வில்லைப் பிடித்த கையின் மேல், அம்பு தங்கும் இடம். பின்புள்ளி நாணைப் பிடித்த விரல்கள். முன்புள்ளியைக் கண் பார்க்கிறது. அது கொஞ்சம் மேலே போனாலும் இடப்பக்கம் சாய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும், தெரிவதால் திருத்தலாம். பின்புள்ளியோ கண்ணுக்குக் கீழே, தாடையோரம் இருக்கிறது. அதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. விரல் கன்னத்தைத் தொடும் உணர்ச்சி, கட்டைவிரல் தாடை எலும்பின் கீழ் போய் அடங்கும் உணர்ச்சி, இவைதான் அதற்குச் சாட்சி. வில்லாளிகள் ஆங்கர் என்று சொல்வது இந்த இடத்தைத்தான். ஆள்காட்டி விரலோ நடுவிரலோ கடைவாயில் வந்து தொட்டதும் இழுப்பு முடிந்தது என்று உடம்புக்குச் சொல்லும் அடையாளம் அது. குறி பார்க்கும் முறைகளைப் பற்றிய வாக்குவாதம் முழுவதும் முன்புள்ளியைப் பற்றியது. பின்புள்ளி அசையாமல் நிற்கிறது என்று எல்லாக் கட்சிகளும் சொல்லாமலே வைத்துக்கொள்கின்றன. தொடக்கக்காரருக்கு அசைவதோ அதுதான்.

எவ்வளவு அசைந்தால் எவ்வளவு பிழை? கணக்கு எளிது. முழுதாக இழுத்த நிலையில் முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் இடையே சுமார் 70 சென்டிமீட்டர் என்று வைப்போம். பின்கை 1 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிட்டது, முன்கை அசையவில்லை. 70 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்ற அந்தச் சாய்வு 30 மீட்டர் தூரத்தில் 43 சென்டிமீட்டராக விரிகிறது. பன்னாட்டுப் போட்டிகளில் 30 மீட்டர் சுற்றுக்கு வைக்கும் இலக்குத் தாளின் விட்டம் 80 சென்டிமீட்டர். அதாவது நடுப்புள்ளியைக் குறி வைத்த அம்பு தாளையே தாண்டிப் போய்விடும். 1 சென்டிமீட்டர் என்பது கடைவாய்க்கும் அதற்குச் சற்றுக் கீழுள்ள இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். வாயை லேசாகத் திறந்தாலே தாடை அவ்வளவு இறங்கிவிடும். பல்லைச் சேர்த்து வைத்துக்கொள் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான். இழுப்பின் நீளமும் இப்படித்தான். சாதாரண மர வில்லிலிருந்து அம்பு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று கொண்டால், 18 மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். 30 மீட்டரில் 2 மீட்டருக்கு மேல். ஒரு அங்குலம் குறைவாக இழுத்துவிட்டால் வில்லில் தேங்கும் ஆற்றல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும், வேகம் 4 அல்லது 5 விழுக்காடு சரியும், 30 மீட்டரில் அம்பு 20 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து விழும். கண் எதையும் தவறாகப் பார்க்கவில்லை. இலக்கை ஊசிமுனைக் கூர்மையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அம்பு தவறிவிட்டது. தவறிய அம்பைப் பார்த்தவர் என்ன செய்வார்? குறியை மாற்றுவார், அடுத்த தடவை சற்று மேலே வைப்பார். அந்தத் தடவை கை சரியான இடத்துக்கு வந்துவிட்டால் அம்பு மேலே போகும். இப்படிக் கையின் பிழையைக் கண்ணால் திருத்தப் போய் இரண்டையும் கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

ஓசூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இதைத் தொழிற்சாலைப் பேச்சில் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஒரே மாதிரி ஆயிரம் துளை போட வேண்டிய இடத்தில் யாரும் டிரில்லிங் மெஷின்காரரின் கண்ணை நம்பி வேலையை விடுவதில்லை. ஜிக் ஒன்றைச் செய்து, பொருளை அதில் இறுக்கிவிட்டுத்தான் துளை போடுகிறார்கள். பொருள் ஜிக்கில் ஆடிக்கொண்டிருந்தால் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் துளை இடம் மாறும். வில்லாளிக்கு முகமும் தாடையும்தான் ஜிக்.

இதைக் கேட்டதும் நம் ஊரில் வரும் முதல் மறுப்பு அர்ச்சுனன். துரோணர் மரத்தின் மேல் பறவை பொம்மை ஒன்றை வைத்தார். என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மரம் தெரிகிறது, நீங்கள் தெரிகிறீர்கள், தம்பிமார் தெரிகிறார்கள் என்றவர்களை ஒதுக்கினார். பறவையின் தலை மட்டும் தெரிகிறது என்றவனை விடச் சொன்னார். வில்வித்தை என்றால் பார்வையின் ஒருமை என்பது இந்தக் கதையிலிருந்து நம் மனத்தில் பதிந்துவிட்டது. பள்ளி மேடைகளில் அத்தனை தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் வியாச பாரதத்தின் ஆதி பருவத்தில் இந்தக் கதை எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு, தேர்வாக வருகிறது. துரோணர் கேள்வி கேட்கும்போது மாணவர்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. வில்லில் அம்பைப் பொருத்திக் குறி வைத்து நில்லுங்கள், சொன்னதும் விட வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு இட்ட கட்டளை. கை வேலை தெரிந்தவர்களிடம் கேட்ட கேள்வி அது. அதற்கு முன்னால், அதே பருவத்தில், அர்ச்சுனன் எப்படிப் பழகினான் என்று இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. இரவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காற்றில் விளக்கு அணைகிறது. இருட்டிலும் கை தானாக வாய்க்குப் போகிறது. பழக்கம்தான் காரணம் என்று உணர்ந்தவன் அன்றிலிருந்து இரவில் வில் பழகுகிறான். நாண் ஒலி கேட்டு வந்த துரோணர் அவனைத் தழுவிக்கொள்கிறார். கண்ணே பயன்படாத இருட்டில் கையைப் பழக்கியவனுக்குத்தான் பிறகு பறவையின் தலையை மட்டும் பார்க்கும் வசதி கிடைத்தது. கை தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும்போதுதான் கண் முழுவதையும் இலக்குக்குக் கொடுக்க முடியும்.

ஏகலைவன் கதை இதே வாதத்தை இன்னும் கொடுமையாகச் சொல்கிறது. தன் மாணவனைவிடத் தேர்ந்த வில்லாளி இனி எழக்கூடாது என்று நினைத்த ஆசிரியர் அவனிடம் கேட்டது கட்டைவிரலை. அதை அறுத்துக் கொடுத்த பின்னும் ஏகலைவன் மற்ற விரல்களால் அம்பு விடுகிறான், ஆனால் முன்பிருந்த விரைவு வரவில்லை என்கிறது பாரதம். அவன் பார்வை முன்பு போலவே இருந்தது. இலக்கின் மேல் வைத்த ஒருமையும் குறையவில்லை. போனது நாணைப் பற்றி விடும் முறை. கட்டைவிரலால் நாணைக் கொக்கி போட்டு இழுப்பது ஆசியாவின் பெரும்பகுதியில் வழங்கிய முறை. துருக்கியரும் மங்கோலியரும் சீனரும் அதற்காக விரலில் வளையம் அணிந்தார்கள். அந்த முறையில் கட்டைவிரல் இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். வில்லாளியின் திறமை உடம்பில் எங்கே குடியிருக்கிறது என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கதைகளை விட்டுவிட்டு நூல்களுக்கு வந்தாலும் வேறு வேறு நாட்டில், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் இதே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். 1545இல் இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்கம் எழுதிய டாக்சோஃபிலஸ் நூல் அம்பு எய்வதை ஐந்து செயல்களாகப் பிரிக்கிறது: நிற்பது, அம்பை நாணில் பொருத்துவது, இழுப்பது, நிறுத்துவது, விடுவது. இலக்கைப் பார் என்று அவரும் சொல்கிறார்தான். ஆனால் அந்த ஐந்தில் குறி பார்ப்பது இல்லை. ஜப்பானியர்களின் கியூடோ மரபில் எட்டுப் படிகள். கால் வைப்பதில் தொடங்கி, விட்ட பிறகு அப்படியே நிற்பதில் முடிகிறது. குறி பார்ப்பது அங்கேயும் தனிப் படியாக இல்லை. முழுதாக இழுத்து நிற்கும் படிக்குள் அது அடங்கிவிடுகிறது. 1637இல் சீனாவில் காவ் யிங் எழுதிய வில் நூல் இன்னும் நேராகப் பேசுகிறது. இலக்கைக் கண்டதும் கண் மனத்தை இழுக்கிறது, மனம் கையை அவசரப்படுத்துகிறது, முழுதாக இழுப்பதற்குள் அம்பு போய்விடுகிறது. வில்லாளியைப் பிடிக்கும் பெரிய நோய் அதுதான் என்கிறார். இன்றைக்கு டார்கெட் பேனிக் என்று சொல்கிறார்களே, அதே நோய்தான். அவர் தரும் மருந்து, வைக்கோல் கட்டின் முன் மிக அருகில் நின்று, தவற முடியாத தூரத்தில், இழுப்பையும் விடுப்பையும் மட்டும் பழகுவது. இலக்கை வெகுநாள் கண்ணிலேயே காட்டக்கூடாது. அர்ச்சுனன் தேடிப்போன இருட்டும் காவ் யிங்கின் வைக்கோல் கட்டும் செய்வது ஒரே வேலை. கண்ணைக் கொஞ்ச காலம் வேலையிலிருந்து விடுவிக்கின்றன.

எனக்குப் பிடித்த சான்று ஹொரேஸ் ஃபோர்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் போருக்கும் வேட்டைக்கும் வில் தேவைப்படாமல் போய், கனவான்களின் விளையாட்டாக மிஞ்சியிருந்த காலம். பழைய வழக்கப்படி நாணைக் காதை நோக்கி இழுத்தார்கள். காதருகே வரும் அம்பு கண்ணுக்கு வலப்பக்கம் விலகி நிற்கும். இலக்கை நோக்கி அது நேராக இருந்தாலும் கண்ணுக்குச் சாய்ந்து தெரியும்; கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் உண்மையில் சாய்ந்திருக்கும். ஃபோர்டு இதை ஆராய்ந்து, அம்பு கண்ணுக்கு நேர் கீழே வரும்படி இழுப்பைத் தாடைப் பக்கம் கொண்டுவந்தார். இடவல விலகல் என்ற சிக்கலே தீர்ந்தது. மேல் கீழ் மட்டும் பார்த்தால் போதும் என்றானது. 1856இல் தன் முறையை நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு செல்டன்ஹாமில் டபுள் யார்க் ரவுண்ட் என்ற போட்டியில், 100, 80, 60 கஜத் தூரங்களில் 288 அம்புகள் விட்டு 1271 புள்ளிகள் எடுத்தார். அதைத் தொட இன்னொருவருக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஃபோர்டு சிறந்த குறி முறையைக் கண்டுபிடித்தவர் என்றே வில்வித்தை வரலாற்றில் சொல்வார்கள். அவர் உண்மையில் மாற்றியது பின்கை நிற்கும் இடத்தை. அது மாறியதால்தான் குறி வேலை செய்தது.

சரி, அப்படியானால் ஒரே ஒரு சரியான நிலைதான் உண்டா என்று கேட்கலாம். இல்லை, இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கியூடோவில் நாணைப் பிடித்த கை காதைத் தாண்டிப் பின்னால் போகிறது. ஃபோர்டின் கணக்குப்படி அது தவறு. ஆனால் 28 மீட்டர் தூரத்தில் 36 சென்டிமீட்டர் இலக்கை அவர்கள் அடிக்கிறார்கள், நூற்றாண்டுகளாக. எப்படி? அம்புத் தண்டு கன்னத்தைத் தொட்டபடி வாய் மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. பின்புள்ளி வேறு இடத்தில் இருக்கிறது; ஆனால் அசைவதில்லை. விலகலைப் பழக்கத்தால் ஈடுகட்டிக்கொள்கிறார்கள். மூன்று விரலால் இழுக்கலாம், கட்டைவிரலால் இழுக்கலாம், வாயோரம் வைக்கலாம், மோவாய்க்குக் கீழே வைக்கலாம். முக அமைப்பு, கைநீளம், வில்லின் நீளம் எல்லாம் இதில் வரும். எது என்பதைவிட, அது தினமும் அதே இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். யூடியூபில் பார்த்து வாரத்துக்கு ஒரு ஆங்கர் மாற்றுவதைவிட, சுமாரான ஆங்கர் ஒன்றை ஆறு மாதம் மாற்றாமல் வைத்திருப்பது நல்லது.

இனி வலுவான மறுப்பு. காட்டிலும் மலையிலும் வாழ்பவர்கள் இந்த நிலை, ஆங்கர் எதையும் படிக்காமலே தலைமுறை தலைமுறையாக அடித்திருக்கிறார்களே? வயநாட்டுக் குறிச்சியர் தலக்கல் சந்துவின் தலைமையில் 1802இல் பனமரத்தில் கும்பினிப் படையின் காவலிடத்தை வில்லோடு தாக்கிப் பிடித்தார்களே? கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடவில்லையா? ஓரி பாடலைப் பொறுத்தவரை, அங்கே புகழப்படுவது பெரும்பாலும் வில்லின் விசை. இன்றும் ஆடி மாதம் கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் விற்போட்டி வைப்பது நல்ல வழக்கம். மற்ற கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். படிக்காமல் வந்தது என்பதால் நிலை இல்லை என்று ஆகாது. ஐந்து வயதிலிருந்து ஒரே அளவு வில்லை ஒரே விதமாக இழுத்து வளர்ந்தவரின் கை முகத்தில் வந்து நிற்கும் இடம், புத்தகம் படித்தவரின் கையைவிட உறுதியாகவே இருக்கும். அவருக்கு அது பெயரில்லாமல் வாய்த்திருக்கிறது. உள்ளுணர்வு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படிப் படிந்துபோன கைதான்.

தூரத்தையும் மறந்துவிடக்கூடாது. வேட்டைக்காரரின் திறமையில் பெரும்பங்கு, அம்பு விடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது: காற்றின் திசை பார்த்து, மணிக்கணக்கில் பதுங்கி, மிக அருகே போய்ச் சேர்வது. 1911இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி பழங்குடியைச் சேர்ந்த இஷியிடம் வில் கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப், பின்னர் எழுதிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். கிட்டத்தில் சிறு இலக்கை அடிப்பதில் இஷி கெட்டிக்காரர். தொலைவில் வைத்த போட்டி இலக்குகளில் அவருக்கு ஆர்வமும் இல்லை, திறமையும் பெரிதாகத் தெரியவில்லை. 10 மீட்டரில் 1 சென்டிமீட்டர் கைப்பிழை 14 சென்டிமீட்டர்தான் ஆகும், மானின் மார்பில் அது அடங்கிவிடும். நம் பகுதியின் நடுகற்களையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் கிடைத்த நடுகற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளோ குறுவாளோ ஏந்தி நிற்கும் உருவம் திரும்பத் திரும்ப வருகிறது. உடலில் அம்பு தைத்த உருவங்களும் உண்டு. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் இந்த மரபைக் கண்ணாரக் காணலாம். ஆநிரை கவர்வதிலும் மீட்பதிலும் மாண்டவர்கள் இவர்களில் பலர். வில்லும் வாளும் ஒருங்கே தேவைப்பட்ட சண்டை என்றால், எதிரி சில எட்டில் வந்துவிடும் சண்டை என்றுதான் கொள்ள வேண்டும். அந்தச் சண்டைக்கு வேண்டிய குறி வேறு, 30 மீட்டரில் நின்று அமைதியாக விடும் அம்புக்கு வேண்டிய குறி வேறு.

இயற்கைத் திறமையும் நிலைப் பயிற்சியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஆள் இருக்கிறார். லிம்பா ராம், ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை. மூங்கில் வில்லோடு காட்டில் வளர்ந்தவரை 1987இல் இந்திய விளையாட்டு ஆணையம் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய வில்வித்தைப் போட்டியில் 30 மீட்டர் சுற்றில் 360க்கு 358 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அந்தத் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர். 36 அம்புகளில் ஒன்றோ இரண்டோ தவிர அத்தனையும் அதற்குள். நாம் மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டால், நடுவிலிருந்து 4 சென்டிமீட்டருக்கு மேல் விலகாமல் இருக்கப் பின்கை 1 மில்லிமீட்டருக்குமேல் நகரக்கூடாது. அவரிடம் அப்போது சைட் வைத்த வில் இருந்தது. ஆனால் அந்த 1 மில்லிமீட்டரை எந்த சைட்டும் காப்பாற்றித் தராது.

சைட் என்றதும் எழும் மறுப்பு இது: நிலையே எல்லாம் என்றால், சைட் வைத்ததும் புள்ளிகள் ஏறுகின்றனவே? ஏறுகின்றன, மறுக்க மாட்டேன். முன்புள்ளியைக் கண்ணுக்குத் துல்லியமாகக் காட்டுவது சைட்டின் வேலை, அதை நன்றாகவே செய்கிறது. ஆனால் அதே வில்லில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். கிளிக்கர் என்ற மெல்லிய தகடு, அம்பு சரியான நீளத்துக்கு இழுபட்டதும் டக் என்று ஒலி எழுப்பும். அதற்கு முன் யாரும் விடமாட்டார்கள். நாண் மூக்கையும் மோவாயையும் ஒருசேரத் தொட வேண்டும். காம்பவுண்ட் வில்லில் நாணிலேயே பீப் என்ற சிறு துளை வைத்து அதன் வழியாகத்தான் பார்க்கிறார்கள், அதாவது பின்புள்ளிக்கும் ஒரு சைட். விரலின் நடுக்கம்கூட வேண்டாம் என்று விடுப்பதற்குத் தனிக் கருவி. பணமும் பொறியியலும் தாராளமாக இருந்த இடத்தில், முன்புள்ளிக்குச் செய்த அளவு வேலையைப் பின்புள்ளிக்கும் செய்திருக்கிறார்கள். மரபு வில்லில் இந்த எதுவும் இல்லாததால் அத்தனை பாரமும் வில்லாளியின் உடம்பின் மேல் விழுகிறது. நம் தேசியப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் என்ற பிரிவு இருக்கிறது. நம் நாட்டு வில், சைட் கிடையாது, 50 மீட்டரும் 30 மீட்டரும். பின்புள்ளி படியாத பிள்ளை அங்கே 50 மீட்டரில் நிற்கவே முடியாது.

ஓடும்போதும் குதிரை மேலும் மண்டியிட்டும் விடுபவர்களைக் காட்டி, நிலை என்று ஒன்று உண்டா என்று கேட்பவர்களும் உண்டு. மாறுவது இடுப்புக்குக் கீழே. தலை, தோள், இரண்டு கைகள், அம்பு இவற்றின் உறவு மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கால்கள் இவ்வளவு வளைந்து கொடுக்கின்றன. அதற்குமேல் இந்த மறுப்பில் பொருள் இல்லை.

குறி முறைகளுக்கு இப்போது திரும்பலாம். கை படிந்தவருக்கு மூன்றுமே பலன் தரும். தேர்வு தேவையைப் பொறுத்தது. தூரம் தெரியாத இடத்தில், மறைவிலிருந்து எழும் இலக்குக்கு இன்ஸ்டிங்டிவ் விரைவானது. தூரம் தெரிந்த மைதானத்தில் கேப் முறை நம்பகமானது. ஸ்ட்ரிங் வாக்கிங் மிகத் துல்லியமானது, ஆனால் விரல் இறங்க இறங்க வில்லின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் இடையேயுள்ள சமநிலை கெட்டு அம்பு குதிக்கத் தொடங்கும். மூங்கில் வில்லுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்ஸ்டிங்டிவ் கட்சியினர் தெய்வமாகக் கொண்டாடும் ஹோவர்டு ஹில், 1938இல் வந்த ராபின்ஹுட் படத்துக்காக அம்பு விட்டவர், தன் முறையை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இலக்கைக் கூர்ந்து பார்க்கும்போதே ஓரப் பார்வையில் அம்பு முனையும் தெரிகிறது, இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன் என்றார் அவர். கட்சிகளுக்கு நடுவேயுள்ள சுவர் அவ்வளவு உயரமில்லை.

பழகும் விதம் பற்றி. இழுக்க முடிந்த வில்லைவிடக் குறைந்த பலமுள்ள வில்லை எடுங்கள். நடுங்கும் தோளுக்கு ஆங்கர் கிடையாது. பெரியவர்களுக்கு 25 பவுண்டு தாராளம். கையால் இழுக்காமல் முதுகால் இழுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதாவது முழங்கை பின்னால் சுற்றிப் போக, இரண்டு தோள்பட்டை எலும்புகளும் ஒன்றையொன்று நெருங்குவது தெரிய வேண்டும். விடும்போது விரலைத் திறக்க முயலாதீர்கள். திறக்க முயன்றால் நாண் பக்கவாட்டில் தள்ளப்படும். வில்லைச் சுற்றி வளைந்து நெளிந்துதான் எந்த அம்பும் கிளம்புகிறது, அந்த நெளிவில் இந்தத் தள்ளல் சேர்ந்தால் அம்பு இடமோ வலமோ ஓடிவிடும். பிடியைத் தளர்த்தினால் போதும், நாண் தானே போகும். முதுகின் இழுப்பு தொடர்வதால் கை தன் போக்கில் கழுத்துப் பக்கம் பின்னால் வரும். இதையெல்லாம் பழக இலக்குத் தாள் வேண்டாம். சாக்கில் கிழிசல் துணியை இறுக அடைத்து, இரண்டு ஆள் உயரச் சுவரையோ மண்மேட்டையோ பின்னால் வைத்து, மூன்று எட்டில் நின்று விடுங்கள். சாக்கு எங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, இழுத்த பின் கண்ணை மூடி விடுங்கள். விரல் எங்கே தொட்டது, இழுப்பு முடிந்ததா, விட்ட பிறகு கை எங்கே நின்றது, இவை மூன்றையும் மட்டும் கவனியுங்கள். அடுத்தடுத்த அம்புகள் ஒன்றையொன்று உரசும் அளவுக்கு நெருங்கி விழத் தொடங்கிய பிறகு கண்ணைத் திறந்து, பத்து எட்டுக்குப் போய், அதற்கப்புறம் குறி முறை எது என்று பேசுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கமெல்லாம் யானை நடமாடும் காடு. 2014இல் அறிவித்த காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வில்லால் முயலை அடித்தாலும் அது வேட்டைதான், குற்றம்தான். காட்டுப் பக்கம் வில்லைக் கொண்டு போகாதீர்கள். சாக்குக்குப் பின்னாலும் அம்பு போகும் வழியிலும் ஆளோ மாடோ வர வழியே இல்லை என்று பார்த்து உறுதி செய்யாமல், நாணில் அம்பைப் பொருத்தாதீர்கள்.